மலைக்குள் 1.7 மீட்டர்: ஒரு மாதிரி ரயில் லேஅவுட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த லேஅவுட்டைக் கட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் லேத் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் அவருடைய அக்கா மகன். பெயர் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் பெரியவர், இளையவர் என்றே எழுதுகிறேன். மின்வேலைக்கு உதவ என்னைக் கூப்பிட்டார்கள். வயரிங் முடிந்த பிறகும் வாரக் கடைசியில் போய்க்கொண்டே இருந்தேன். ஓட்டங்களைக் குறித்துவைத்த நோட்டு என்னுடையது. கீழே வரும் கணக்குகள் அதிலிருந்துதான்.

பெரியவரின் ஆசைக்கு மூலம் சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் மலைப்பாதை. 1882இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை, வாசன் என்ற ஊரருகே மலைக்குள் வளைந்து வளைந்து உயரம் பிடிக்கும். வடக்கிலிருந்து ஏறும் பயணிக்கு அந்த ஊர்த் தேவாலயம் மூன்று முறை தெரியும்: முதலில் தலைக்கு மேலே, அப்புறம் கிட்டத்தட்ட கண் மட்டத்தில், கடைசியில் கீழே பள்ளத்தில். அந்த மூன்று பார்வையும் மேசை மேல் கிடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அச்சு அசலாக நகலெடுக்கும் எண்ணம் இல்லை. கற்பனைப் பாதை, கற்பனை ஊர், நடுவில் ஒரு மேடு, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் வெள்ளைத் தேவாலயம்.

அளவு ஹெச்ஓ, அதாவது 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. மேசை 3.6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். அறையின் மூலையில், இடப்பக்கமும் பின்பக்கமும் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிற்பாடு எங்களைப் பாடாய்ப் படுத்தியது இந்த மூலைதான்.

திட்டமும் கணக்கும்

நிஜ மலைப்பாதையை மேசைக்குக் கொண்டுவரப் பார்த்தால் எண்கள் மிரட்டும். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவு நிஜப் பாதையில் இறுக்கமான வளைவு. அதை 87ஆல் வகுத்தால் 3.4 மீட்டர் வருகிறது; முழு வட்டம் போட ஏழு மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும். எங்களுக்குக் கிடைத்த ஆரம் 55 செ.மீ. உயரத்திலும் இதே கதைதான். 1000 மீட்டர் மலை 11.5 மீட்டர் ஆகிவிடும். நாங்கள் கட்டியது மேசையிலிருந்து 70 செ.மீ. நிஜத்தில் அது 61 மீட்டர், ஒரு குன்று.

ஆகவே சிகரத்தைக் காட்டவே வேண்டாம், அடிவாரச் சரிவை மட்டும் கட்டி மேல்பகுதியைப் பின்திரை ஓவியத்துக்குள் கரையவிடுவோம் என்று இளையவர் சொன்னார். இந்த லேஅவுட்டில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இது என்பேன். மாதிரி மலைகள் பலவும் குவித்த மண்மேடாகத் தெரிவதற்குக் காரணம், உச்சியோடு முழு மலையையும் மேசைக்குள் அடக்கப் பார்ப்பதுதான்.

மூன்று மட்டங்களில் முதல் ஏற்றம் இடப்பக்க மூலையில், மலைக்குள் ஒரு முழுச் சுற்று. 55 செ.மீ. ஆரத்துக்குச் சுற்றளவு சுமார் 3.46 மீட்டர். ஒரு சுற்று முடிந்ததும் பாதை தன்னையே தாண்டியாக வேண்டும். வண்டி நுழைய 76 மி.மீ., மேல் பாதையைத் தாங்கும் பிளைவுட் 9 மி.மீ., தண்டவாளமும் ஸ்லீப்பரும் 5 மி.மீ., ஆக 90 மி.மீ. உயர வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் மெத்தையாகப் போடும் கார்க்கை, இடம் மிச்சமாகட்டும் என்று மலைக்குள் மட்டும் போடவில்லை. ஏற்றம் 100க்கு 2.6. கோத்தார்டின் கடும் ஏற்றங்களும் ஏறக்குறைய இதே அளவு என்பதில் பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் வளைவும் ஏற்றத்தைப் போலவே இழுக்கும். ஹெச்ஓ அளவில் புழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: 81ஐ வளைவின் ஆரத்தால், செ.மீ. கணக்கில், வகுத்தால் வருவது வளைவு கூட்டும் ஏற்றம். 55க்கு அது 1.5. இன்ஜினைப் பொறுத்தவரை அந்தச் சுற்று 100க்கு 2.6 இல்லை, 4.1. இதை நாங்கள் காகிதத்தில் எழுதினோம். எழுதிவிட்டு மறந்தும் போனோம்.

தச்சும் தடமும்: முதல் மூன்று மாதம்

தச்சு வேலை அருமையாக அமைந்தது. பெரியவர் கைப்பழக்கம் அப்படி. ஏற்றத்தில் 20 செ.மீ.க்கு ஒரு கால் கொடுத்து, ஒவ்வொன்றையும் ரசமட்டத்தோடு கீழே ஒரு தகடு வைத்துப் பார்த்துத்தான் திருகினார். குறை இரண்டு, இரண்டும் அப்போது கண்ணில் படவில்லை. ஒன்று, மலைக்குள் போகும் பிளைவுட்டுக்கு பெயின்ட் அடிக்கவில்லை. மறையப் போகிற பலகைதானே என்று விட்டுவிட்டோம். இன்னொன்று, சுற்றின் நடுவில் வந்த தண்டவாள இணைப்பு. வளையும் தண்டவாளம் ஒரு மீட்டர் நீளத்துக்குத்தான் வரும் என்பதால் முழுச் சுற்றில் மூன்று நான்கு இணைப்பு தவிர்க்க முடியாது. மற்ற இடங்களில், இரண்டு துண்டை நேராக வைத்து சால்டர் செய்துவிட்டு, அதன் பிறகே வளைத்தோம். மூலையில் இருந்த ஓர் இணைப்பை மட்டும் வளைத்த பிறகு பொருத்தினோம், சால்டர் இல்லாமல். கை எட்டாத மூலை, வேலை முடியும் நேரம்.

சோதனை ஓட்டம் இரண்டு மாலை நடந்தது. ஓர் இன்ஜின், மூன்று குட்டை வேகன். ஏறியது, இறங்கியது, ஒரு முறைகூடத் தடம் புரளவில்லை. கைதட்டினோம். மலை வேலையைத் தொடங்கினார்கள்.

மலை எழுந்தது: நான்காம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை

எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகைகளை அடுக்கிச் செதுக்கி உடம்பு, அதன்மேல் பிளாஸ்டர் துணி, அதற்கும் மேல் அச்சில் வார்த்த பாறைகள். இந்த ஐந்து மாதமும் இருவரும் வேறு உலகத்தில் இருந்தார்கள்.

பாறை வார்ப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ரப்பர் அச்சுக்குள் சோப்பு கலந்த தண்ணீரைப் பீச்சுவார் இளையவர். குமிழி பிடிக்காமல் இருக்க. பிளாஸ்டரை ஊற்றி, கொஞ்சம் இறுகும்வரை அச்சைத் தட்டையாக வைத்திருப்பார். இதற்குள் சரிவின் மேல் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். காய்ந்த பரப்பு ஈரத்தை உறிஞ்சிவிட்டால் வார்ப்பு ஒட்டாது. அப்புறம் அச்சை அப்படியே சரிவில் கவிழ்த்து உள்ளங்கையால் பிடித்துக்கொள்வார். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். ரப்பரின் முதுகு வழியாக அந்தச் சூடு கைக்கு வரும்வரை அசையக் கூடாது. வந்தபின் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் பாறை அங்கே நிற்கும், வெடிப்பும் விளிம்பும் சொரசொரப்புமாக. "இப்ப வருது பாருங்க மாமா" என்பார். பெரியவரும் ஒரு விரலை வைத்துச் சூடு பார்ப்பார்.

முதல் பாறைமுகம் முழுதும் முடிந்தபோது ஏதோ இடித்தது. ஒவ்வொரு பாறையும் தனியாகப் பார்த்தால் அழகு. சேர்த்துப் பார்த்தால் கல் குவாரியில் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. ஆறு அச்சுகளை இஷ்டப்படி திருப்பித் திருப்பிப் பயன்படுத்தியதில் அடுக்குகள் ஆளுக்கொரு திசையில் ஓடின. நிஜ மலையில் ஒரே பாறைத்திரளின் அடுக்கும் வெடிப்பும் பெரும்பாலும் ஒரு சாய்வுக்குக் கட்டுப்பட்டிருக்கும். தடம் அந்தச் சாய்வை வெட்டிக்கொண்டு போகும்போதுதான் மலை முன்பே இருந்தது, ரயில் பிறகு வந்தது என்று கண் நம்புகிறது. பெரியவர் ஒரு குச்சியை வலப்பக்கம் சுமார் 20 டிகிரி சாய்த்துச் சுவரில் ஒட்டிவைத்தார். அதற்குப் பிறகு எந்த அச்சும் அந்தக் குச்சிக்கு இணையாகத்தான் ஒட்டியது. மூன்றில் ஒரு பங்கு பாறையை உடைத்து எடுத்துவிட்டு மறுபடி வார்த்தார்கள். முகம் சுளிக்கவே இல்லை.

வண்ணத்துக்கு, நீர்த்த பெயின்டைத் திட்டுத்திட்டாகத் தொட்டுவைக்கும் சிறுத்தைப்புள்ளி முறை. மஞ்சள் காவியும் கருஞ்சிவப்புப் பழுப்பும் அங்கங்கே வைத்து, மேலே மிக நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் அது வெடிப்புகளில் தங்கிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது கறுத்துப் பயமுறுத்தும். ஒரு நாள் காய்ந்தால் வெளுத்துவிடும். இதில் ஒரு சறுக்கல். வண்ணம் பூசியது ஜன்னல் வெளிச்சத்தில், மேசையைப் பார்ப்பதோ ராத்திரியில், நீலம் கலந்த எல்இடி பட்டைகளின் கீழே. பாறை நீலமும் புல் சாம்பலுமாகத் தெரிந்தன. மறுபடி பூசாமல் விளக்கை 4000 கெல்வினுக்கு மாற்றினோம்.

மரங்களுக்கும் ஒரு வார்த்தை. 25 மீட்டர் ஊசியிலை மரம் இந்த அளவில் 29 செ.மீ. ஆகும். 70 செ.மீ. மலையில் அதை நட்டால் மலை புதராகிவிடும். ஆகவே முன்வரிசையில் 12 செ.மீ., பின்னுக்குப் போகப்போகக் குறைந்து திரையை ஒட்டி 3 செ.மீ. நிறமும் பின்னால் போகப்போக வெளிறி, லேசாக நீலம் ஏறும். அந்தச் சரிவு இன்றைக்கும் என்னை ஏமாற்றுகிறது.

புல்லும் ஜல்லியும் வழக்கமான வேலை. ஜல்லிக்கு ஊற்றிய நீர்த்த வெள்ளைப் பசை தடம் பிரியும் ஒரு பாயிண்டின் நாக்கில் இறங்கி ஒட்டிக்கொண்டது, வெந்நீரில் விடுவித்தோம், அவ்வளவுதான்.

நீண்ட வண்டி ஓடிய நாள்: ஒன்பதாம் மாதம்

மலை முடிந்ததும் பதினொரு வேகன் கோத்து ஓட்டினார்கள். கீழ் மட்டத்தில் தேவாலயத்தைக் கடந்து குகைவாய்க்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், பிறகு சக்கரங்கள் ஸ்லீப்பர் மேல் உரசும் கரகரப்பு. கைவிட்டு எட்டிய வேகன்களை ஒவ்வொன்றாக இழுத்தார்கள். எட்டாதவற்றை இன்ஜினோடு மேல்வாய் வழியாக இழுத்தார்கள்.

முதலில் இரண்டு பேரும் வேகனைக் குறை சொன்னார்கள், சக்கரத்தை மாற்றினார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: எதையும் மாற்றாமல் நாற்பது ஓட்டம் ஓட்டிக் குறிப்போம். ஒரு வாரம் எடுத்தது. ஏறுமுகமாக நாற்பது ஓட்டத்தில் பதினொரு முறை தடம் புரண்டது. இரண்டு முறை வெளியே, ஒன்பது முறை மலைக்குள். இறங்குமுகத்தில் ஒருமுறைகூட இல்லை. நான்கு வேகன் வரை இருந்தால் எந்தப் பக்கமும் பிரச்சினை இல்லை. எங்கள் சோதனை ஓட்டம் ஏன் தேறியது என்பதற்குப் பதில் அங்கேயே இருந்தது.

உள்ளே எந்த இடம்? நேராகப் பார்க்க வழியில்லை என்பதால் கடிகாரத்தால் பார்த்தோம். வெளியே ஒரு மீட்டர் நீளத்தைக் குறித்து, வண்டி அதைப் பத்து நொடியில் கடக்கும்படி வேகத்தை வைத்தோம். நொடிக்கு 10 செ.மீ., நிஜ அளவில் மணிக்கு 31 கி.மீ. தடம் புரளும் வேகன் குகைவாயைத் தாண்டும் நொடியிலிருந்து "டக்" கேட்கும்வரை எண்ணினோம். ஒன்பதில் ஆறு முறை பதினேழு நொடி, ஒன்றிரண்டு முன்பின்னாக. 1.7 மீட்டர். இரண்டு சுவரும் சேரும் மூலை. எந்த வாயிலிருந்தும் கை 60 செ.மீ.க்கு மேல் போகாது.

மிச்சம் மூன்றும் வேறு இடத்தில், வேறு சத்தத்தில். அவை, பெரியவர் ஆசையாக அப்புறம் வாங்கிச் சேர்த்த நீளப் பெட்டிகளை இழுத்தபோது மட்டும் வந்தவை.

மலைக்குள் பார்த்தது

குழாய் அடைப்பு பார்க்கும் எண்டோஸ்கோப் கேமராவின் தலையை ஒரு தட்டை வேகனில் கட்டி, வயரால் உள்ளே தள்ளினோம். திரையில் தண்டவாளம் இரண்டு வெள்ளிக்கோடாக வளைந்து வந்தது. மூலையில் அந்தச் சால்டர் இல்லாத இணைப்பு. வெளித்தண்டவாளத்தின் இரண்டு முனையும் நேராக நிமிர முயன்று, வளைவு அங்கே ஒரு முழங்கை மாதிரி மடிந்திருந்தது. பக்கத்திலேயே உட்புறம் கடுகளவு பிளாஸ்டர் துளி, சக்கரத்தின் விளிம்பு ஓடும் வழியில்.

மூன்று மாதம் சரியாக இருந்த இணைப்பு ஏன் மடிந்தது? என் ஊகம் இது. மலைக்கு ஊற்றிய பிளாஸ்டரில் லிட்டர் கணக்கில் தண்ணீர். அது காய்ந்து வெளியேற வேண்டிய மூடிய குகைக்குள் பெயின்ட் அடிக்காத பிளைவுட். பலகை ஊறி உப்பி, அப்புறம் சுருங்கி, தண்டவாளத்தைத் தள்ளியிருக்கிறது. சால்டர் செய்த இணைப்புகள் தாங்கின, செய்யாதது தாங்கவில்லை.

மடிப்பு மட்டும் வேகனைத் தள்ளிவிடாது. வேகன்களை நிறுத்துப் பார்த்தோம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் எடை, ஹெச்ஓவுக்கு அடிப்படை 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 5.6 கிராம். 15 செ.மீ. வேகனுக்கு 112 கிராம் வரும். எங்களுடையவை 68. ஏறும்போது பின்னால் இருக்கும் அத்தனை வேகனின் இழுவையும் வளைவில் முன் வேகனை உள்பக்கமாகச் சாய்க்கும். நீளமான வண்டி, லேசான வேகன், மடிந்த இணைப்பு, மூன்றும் ஒரே இடத்தில். இறங்கும்போது அந்த இழுவை இல்லாததால் வேகன்கள் தப்பித்தன.

நீளப் பெட்டிகளின் கதை எளிது. கேமராவில் உட்பாறையில் வெள்ளைக் கீறல் தெரிந்தது. 26.4 மீட்டர் பெட்டி இந்த அளவில் 30.3 செ.மீ.; போகிகளுக்கு, அதாவது பெட்டியின் இரு முனைப்பக்கமும் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களுக்கு, இடையே 21.8 செ.மீ. 55 செ.மீ. வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கம் 11 மி.மீ. தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் 10 மி.மீ. தள்ளும். பெட்டியின் அகலம் 32 மி.மீ. என்றால் அது துடைத்துக்கொண்டு போகும் இடம் 53 மி.மீ. பாறைக்கு நடுவே நாங்கள் விட்டிருந்தது ஓரிடத்தில் 52.

மூன்று வழிகள்

நீளப் பெட்டியை ஓட்டாமல், நான்கு வேகனோடு நிறுத்திக்கொள்வது முதல் வழி. மலைக்கு ஒரு கீறலும் விழாது. பெரியவர் இரண்டு வாரம் இதில்தான் நின்றார்.

கீழிருந்து மேசையில் ஓட்டை போடுவது இரண்டாவது. மூலையில் தடம் மேசைக்கு 4.5 செ.மீ. மேலே, பிளைவுட் மேல் ஓடியது. ஓட்டை வழியாகக் கையை விட்டால் பலகையின் அடிவயிற்றைத்தான் தொட முடியும். இதை இளையவரே வரைந்து பார்த்துக் கைவிட்டார்.

மூன்றாவது, மலையின் மேல்பகுதியை அறுத்துக் கழற்றக்கூடிய மூடியாக்குவது.

"மாமா, அறுத்துத்தான் ஆகணும்."

"அறுக்கிறதுக்காடா அஞ்சு மாசம் கட்டினோம்?"

"ஓடாத வண்டிக்கு மலை எதுக்கு மாமா?"

பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அதோடு கலைந்தோம். மறு வாரம் போனபோது, கரித்துண்டால் மலைமேல் அவரே ஒரு கோடு வரைந்து வைத்திருந்தார். அவரை மாற்றியது எங்கள் வாதம் இல்லை. அந்த வாரம் நான்கு வேகன் வண்டியிலும் ஒன்று புரண்டிருக்கிறது. மடிப்பு அதிகமாகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தேய்மானம் தன்னால் நிற்காது என்பது பட்டறைக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் போட்ட கோடுதான் இந்த நிகழ்வில் நான் அதிகம் மதிப்பது. நேர்கோடாக அறுத்தால் எந்தச் செடியும் மறைக்காது. அவர் கோடு மழைநீர் ஓடை ஒன்றின் படுகை வழியே ஏறி, பாறைமுகத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் மறைந்து, இரண்டு அடுக்குக்கு நடுவே இருந்த வெடிப்பில் இறங்கி, திரையை ஒட்டி முடிந்தது. கண் ஏற்கெனவே கோட்டை எதிர்பார்க்கும் இடங்களில் மட்டும் போனது. குச்சியைச் சாய்த்து வைத்துக் கட்டியதன் பலன் இங்கே வந்தது. அடுக்கு ஒரே திசையில் ஓடியதால்தான் வெட்டும் அதோடு ஓட முடிந்தது.

அறுத்த நாள்

சூட்டுக்கம்பி பிளாஸ்டரில் நுழையாது, நுரை உருகினால் வரும் புகையும் கெட்டது. ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் அறுத்தார்கள். இன்ஜின், பெட்டி எல்லாவற்றையும் அறைக்கு வெளியே அனுப்பி, தடத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அறுக்க, ஒருவர் வேக்குவத்தின் வாயைப் பிளேடுக்குப் பக்கத்திலேயே பிடித்திருந்தார். ஜன்னல் பக்கத்திலிருந்து நான் டார்ச் அடித்தேன்.

நான்கு மணி நேரம். யாரும் அதிகம் பேசவில்லை. கடைசி இரண்டு செ.மீ. விட்டதும் மூடி லேசாக இறங்கி ஒரு முனகல் சத்தம் வந்தது. பெரியவர் உள்ளங்கையைப் பாறைமேல் வைத்துத் தாங்கிக்கொண்டார்.

மூடி 62 செ.மீ. நீளம், 48 செ.மீ. அகலம், 13 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிந்தது. அப்படி இருந்தால் ஒருவர் தனியாக இருக்கும்போது தடம் புரண்டால் என்ன செய்வது? ஆகவே உள்பக்க நுரையைக் குடைந்தெடுத்து 8 கிலோவாக்கி, விளிம்பு நொறுங்காமல் இருக்கக் கீழே பிளைவுட் சட்டம் ஒட்டினார்கள். இடம் மாறாமல் உட்கார மூன்று மர முளைகள்.

உள்ளே செய்த வேலை

மடிந்த இணைப்புக்கு இருபுறமும் 30 செ.மீ. தண்டவாளத்தை வெட்டி எடுத்தோம். புதிய துண்டை நேராக வைத்து சால்டர், பிறகு வளைப்பு. விரிந்து சுருங்க வேண்டிய இடைவெளியை வளைவில் விடாமல் வெளியே நேர்த்தடத்தில் விட்டோம். பிளைவுட்டின் எல்லாப் பக்கமும் இரண்டு கோட்டு பெயின்ட். பாறையை 64 மி.மீ.க்குச் செதுக்கி விரித்தோம். சுற்றின் வெளிவிளிம்பு முழுக்க 2 செ.மீ. உயரத் தடுப்பு, புரண்டாலும் வண்டி கீழே விழாது.

ஏற்றம் தொடங்கும் இடத்தையும் அப்போதே பார்த்தோம். மட்டத்திலிருந்து 2.6க்கு ஒரே மடிப்பில் ஏறியது. அங்கேதான் வெளியே நடந்த இரண்டு புரளலும். 40 செ.மீ. நீளத்தில் மெல்ல ஏறும்படி கால்களை இழைத்தோம்.

கஷ்டமான முடிவு எடையில் வந்தது. வேகன்களை 110 கிராமுக்கு ஏற்றினால் தடத்தில் உட்காரும், ஆனால் 4.1 ஏற்றத்தில் இன்ஜின் சறுக்கும். பதினொரு வேகனோடு சுற்றின் பாதியில் சக்கரம் சுழன்றது. பின்னால் தள்ள இன்னொரு இன்ஜின் போடலாம் என்றார் இளையவர். நிஜ கோத்தார்ட் மலைப்பாதையிலும் ஒரு காலத்தில் கனமான சரக்கு வண்டிகளுக்குத் துணை இன்ஜின் போட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். கண்ணுக்குத் தெரியாத வளைவில் பின்னாலிருந்து தள்ளினால், முன் இன்ஜின் ஒரு நொடி தயங்கினாலும் நடு வேகன் வெளியே பிதுங்கும். எடையை ஏற்றி வண்டியை எட்டு வேகனாகக் குறைத்தோம்.

பிறகு

மறுபடி நாற்பது ஏறுமுக ஓட்டம். ஒரே ஒரு முறை புரண்டது, அதுவும் ஒரு வேகனின் சக்கரங்களுக்கு இடையிலான உள்ளளவு குறைவாக இருந்ததால், 14.4 மி.மீ.க்குச் சரிசெய்ததும் நின்றது. நீளப் பெட்டிகள் ஐந்தும் உரசாமல் போகின்றன.

வெட்டுக்கோடு முதல் இரண்டு மாதம் தெரியவில்லை. அப்புறம் காற்றின் ஈரம் குறைந்த பருவத்தில் ஓடைப் படுகையில் 2 மி.மீ. இடைவெளி திறந்தது. ஒட்டி மூடினால் மூடி திறக்காது. உதிரிச் சரளையும் ஒட்டாத புதர்களும் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒவ்வொரு முறை மூடியைத் திறந்த பிறகும் ஐந்து நிமிடம் புதர் நட வேண்டும். பாறை வெடிப்புப் பக்கம் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மறுபடி கட்டினால்

மூடியை முதலிலேயே கட்டுவோம். அறுப்பதற்காகக் கட்டாமல், கழற்றுவதற்காகக் கட்டுவோம். மறையும் தடத்தின் எந்தப் புள்ளியும் ஒரு திறப்பிலிருந்து 50 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று பெரியவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மேசையைச் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் போட்டிருந்தாலே பாதிச் சிக்கல் வந்திருக்காது.

மறைக்கும் முன் இரண்டு வாரம் ஓட்டுவோம்: ஆகப் பெரிய வண்டி, ஆக நீளமான பெட்டி, இரு திசையிலும். அப்போது கையில் இல்லாத பெட்டி என்றால் அதன் நீளத்துக்கு அட்டையில் ஒன்று வெட்டி, போகிகளின் மேல் பொருத்தித் தள்ளிப் பார்ப்போம். பிளாஸ்டர் முழுதும் காய்ந்தபின் இன்னொரு முறை. மூடும் முன் உள்தடத்தைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்வோம். விளக்கை வண்ணத்துக்கு முன்பே மாட்டுவோம்.

இதில் எனக்கும் இளையவருக்கும் இன்னும் ஒத்துவராத ஒன்று உண்டு. அந்த முழுச் சுற்றே வேண்டாம், முன்பக்கம் திறந்த வளைவாகப் போட்டு மலையை ஒதுக்கியிருக்கலாம் என்கிறார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழ்வாயில் நுழைந்த வண்டி முப்பது நொடி காணாமல் போய், தேவாலயத்தின் கண்மட்டத்தில் வேறொரு வாயிலிருந்து எட்டிப்பார்க்கும் அந்த நேரத்தில் பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார், இப்போதும். அடுத்த லேஅவுட்டின் வரைபடத்தில் அந்தச் சுற்று இருக்கிறது. மேலே, ஓடையிலிருந்து வெடிப்பு வரை, மூடியின் விளிம்பைப் பெரியவர் முதல் நாளே வரைந்துவிட்டார்.